‘இதய அடைப்பு’க்கு மாற்றாக: இடைத்தரிப்பு, மின்கடத்தல் தாமதம்

அனைவருக்கும் வணக்கம்.

> ஹார்ட் பிளாக் என்பதற்கு ‘இதய அடைப்பு’ புழக்கத்தில் இருக்கிறதே, ஏன் மாற்ற வேண்டும்?

புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல் ஐயா. ஹார்ட் பிளாக் என்பது இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்தூண்டல் போவதில் வரும் தாமதமோ தடையோதான். அடைப்பு என்றாலே நம் மக்களுக்கு ரத்தக்குழாய் அடைப்புதான், அடுத்த பேச்சு ஸ்டென்ட். போன மாதம் என் சித்தப்பாவின் இசிஜி தாளில் ‘முதல் நிலை பிளாக்’ என்று இருந்தது. சித்தி அன்றிரவே ஆபரேஷன் செலவுக்கென்று வளையலைக் கழற்றி வைத்துவிட்டார். நான் தாளை விளக்கடியில் வைத்து எண்ணினேன். மேலறைகள் தூண்டப்படுவதைக் காட்டும் பி அலையின் தொடக்கத்திலிருந்து, கீழறைகள் தூண்டப்படுவதைக் காட்டும் கியூஆர்எஸ் அலையின் தொடக்கம் வரை ஆறு சிறு கட்டங்கள். கட்டம் ஒன்றுக்கு 40 மில்லி நொடி, ஆக 240. இயல்பு 120 முதல் 200 வரை. எதுவும் அடைபடவில்லை. ஒவ்வொரு துடிப்பும் கீழறைக்குப் போய்ச் சேர்கிறது, சற்றுப் பிந்தி. அவ்வளவுதான்!

எல்லாவற்றுக்கும் ‘தாமதம்’ போதாதா என்று இந்தக் குழுவில் ஓர் அம்மா கேட்டிருந்தார். போதாது என்றே நினைக்கிறேன். தாமதம் என்றால் குறை என்று ஆகிவிடுகிறது. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே மின்தூண்டலைக் கடத்தும் ஏவி கணுவில் நேரும் காத்திருப்போ இதயத்துக்கு வேண்டியது. மேலறைகளில் பரவிவரும் மின்தூண்டல் அங்கே வினாடிக்கு சுமார் 5 சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து, ஏறக்குறைய 0.1 நொடி பிடிக்கிறது. அதற்குள் மேலறைகள் சுருங்கி, மிச்ச ரத்தத்தைக் கீழறைகளுக்குள் தள்ளிவிடுகின்றன. இந்த இடைவெளி இல்லாவிட்டால் மேலும் கீழும் ஒரே நேரத்தில் சுருங்கி, கீழறை நிரம்பாமலே அடிக்கும். கணுவைத் தாண்டியதும், தூண்டலைக் கீழறைத் தசையெங்கும் பரப்பும் பர்கின்ஜி நார்களில் வினாடிக்கு 2 முதல் 4 மீட்டர் வேகம்.

இந்தக் காத்திருப்புக்கு ‘தரிப்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். இலங்கையில் பஸ் தரிப்பிடம் என்பார்கள். பஸ் அங்கே பழுதாகி நிற்பதில்லை, ஆள் ஏறுவதற்காக நிற்கிறது. தமிழ்நாட்டில் தரிப்பது ஆடையும் கருவும்தானே என்பீர்கள். சரிதான். ‘கணுத்தரிப்பு’ என்று எழுதினால் ஓரெழுத்துப் பிழையில் கருத்தரிப்பு ஆகிவிடும். அதனால் ‘இடைத்தரிப்பு’.

இடைத்தரிப்பு அளவுக்கு மீறி நீண்டால் ‘மின்கடத்தல் தாமதம்’. முன்னால் ‘மின்’ கட்டாயம் வேண்டும், வெறும் கடத்தல் என்றால் தங்கமும் சந்தனக்கட்டையும்தான் நினைவுக்கு வரும். மேலறைத் துடிப்பு ஒன்றுகூடக் கீழே சேராத மூன்றாம் நிலைக்கு ‘மின்கடத்தல் துண்டிப்பு’. பேஸ்மேக்கர் தேவைப்படும் அந்த நிலையையும் சித்தப்பாவின் நிலையையும் ஒரே ‘அடைப்பில்’ போடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்னும் ஒரு சொல் பாக்கி. கணுவுக்குக் கீழே மின்தூண்டலை இடக் கீழறைக்குக் கொண்டுபோகும் இடக்கிளையில் கடத்தல் தடைபட்டால் இடக் கீழறையின் வெளிச்சுவர் பிந்துகிறது. இரு கீழறைகளுக்கும் இடையிலுள்ள நடுச்சுவர் சுருங்கும்போது வெளிச்சுவர் தளர்ந்திருக்கிறது, வெளிச்சுவர் சுருங்கும்போது நடுச்சுவர் விட்டுவிடுகிறது. ஈரப் போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் பிழியும்போது ஒருவர் கை தளர்ந்தால் தண்ணீர் போர்வையிலேயே தங்கிவிடும் இல்லையா, அதே நிலைமைதான். பலவீனமான இதயத்தில் இது பெரிய இழப்பு. இரு பக்கத்தையும் சேர்த்துத் தூண்டும் பேஸ்மேக்கர் வைப்பது இதைச் சரிசெய்யத்தான். இதற்கு ‘ஒருங்கிழப்பு’ என்று யோசித்திருக்கிறேன். ‘ஒத்திசைவின்மை’யும் பொருந்தும், ஆனால் வாயில் சட்டென்று வரவில்லை.

வார்டில் வேலை செய்யும் செவிலியர் யாராவது இந்தக் குழுவில் இருந்தால், ‘இடைத்தரிப்பு’ என்று நோயாளியிடம் சொல்லிப் பார்த்து, என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள்.