ஒளிப்பதிவையும் கதையையும் பிரிக்கவே முடியாத படங்கள் எவை?

கும்பகோணம்_கேமரா:

வணக்கம். 12 வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். போன மாதம்தான் முதல் குறும்படத்தை முடித்தேன். 18 நிமிஷம். பித்தளைப் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் கடையை மூடப்போகும் கடைசி நாள், அதுதான் கதை. காலை வெயில் குடங்களில் பட்டுத் தெறிப்பதை எடுக்க மூன்று நாள் விடியற்காலையிலேயே போய்க் காத்துக் கிடந்தேன். நண்பர்கள் ஆறு பேருக்குப் போட்டுக் காட்டியபோது எல்லோரும் அந்த வெயிலைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த மனுஷன் ஏன் கடையை மூடுகிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

அப்புறம் ‘முள்ளும் மலரும்’ படத்தைத் திரும்பப் பார்த்தேன். 1978இல் வந்தது. மகேந்திரன் இயக்கிய முதல் படம், பாலுமகேந்திரா ஒளிப்பதிவு செய்த முதல் தமிழ்ப்படம். மலையும் ஈரக்காற்றும் நம் மேலேயே வந்து படியும். ஆனால் அந்த மலை சும்மா அழகுக்காக வரவில்லை. கதாநாயகன் காளி அங்கே விஞ்ச் ஆபரேட்டர், மலையில் ஆட்களை ஏற்றி இறக்கும் வண்டியை இயக்குபவன். யார் மேலே போவது, யார் கீழே வருவது என்பது அவன் கையில் இருக்கிறது. அவனுடைய திமிரெல்லாம் அந்த இடத்திலிருந்து வருகிறது. அவனுக்கு ஒரு கை போனபிறகும் மலை அதே மலைதான், ஆள்தான் வேறு ஆளாகத் தெரிகிறான். கடைசியில் தங்கச்சி வள்ளி எல்லோரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடி வருவாளே, அந்த ஓட்டத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அதன்பிறகும் அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் இன்ஜினியரைப் பார்த்து, இப்பவும் உங்களைப் பிடிக்கவில்லை என்றுதான் காளி சொல்கிறான்!

இந்த மாதிரிப் படங்களைச் சொல்லுங்கள். ஒன்று போதும். ஆனால் எந்தக் காட்சி, ஏன் என்று சொன்னால் எனக்குப் பாடமாக இருக்கும்.

பழைய_ரசிகர்:

தம்பி, ‘வீடு’ பாருங்கள். 1988. இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங் மூன்றுமே பாலுமகேந்திரா. சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக வருவார். பாதி கட்டிய வீட்டைப் பார்க்க அவர் தனியாகக் கிளம்பி வரும் காட்சி ஒன்று போதும். வசனம் கிடையாது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசையை அந்தப் படத்துக்குப் பயன்படுத்தியிருப்பார்கள். பெரியவர் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். நமக்கு அது செங்கல். அவருக்கு அது பேத்தியின் வீடு.

நான் 1991இல் வீடு கட்டினேன். சென்ட்ரிங் பிரித்த அன்று என் அப்பா ஊரிலிருந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. ஈரம் காயாத சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அந்தப் படத்தில் பார்த்த அதே கை. அதனால் இதை என்னால் வெறும் படமாக நினைக்க முடியவில்லை.

‘உதிரிப்பூக்கள்’ படத்தையும் விட்டுவிடாதீர்கள். அசோக்குமாரின் ஒளிப்பதிவு, அந்த ஆற்றங்கரை முடிவு. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன்.

மஞ்சள்_குடை:

என்னுடையது தமிழ்ப்படம் இல்லை. வோங் கார்-வாய் இயக்கிய ‘இன் த மூட் ஃபார் லவ்’, 2000. கல்லூரி ஹாஸ்டலில் முதல்முறை பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை, எதுவுமே நடக்காத மாதிரி இருந்தது. வேலைக்கு வந்தபிறகு திருவல்லிக்கேணியில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் நான்கு வருஷம் இருந்தேன் அண்ணா. அப்புறம் பார்த்தேன். ஒவ்வொரு ஷாட்டும் புரிந்தது.

1962, ஹாங்காங். ஒட்டினாற்போல இருக்கும் அறைகளை இரண்டு குடும்பங்கள் வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் குடிவருகின்றன. இந்த வீட்டு மனைவிக்கும் அந்த வீட்டுக் கணவனுக்கும் ஒரு உண்மை தெரிகிறது: தங்கள் துணைகள் இருவருக்குள்ளும் உறவு இருக்கிறது. அந்தத் துணைகளின் முகத்தைப் படம் காட்டுவதே இல்லை. முதுகு, குரல், அவ்வளவுதான். கேமரா எப்போதும் கதவிடுக்கு, நடைபாதை, ஜன்னல் கம்பி வழியாகத்தான் பார்க்கிறது. அது ஸ்டைல் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பக்கத்து வீட்டுக் கண். ராத்திரி எட்டு மணிக்கு நான் படியேறினால் எத்தனை கதவு லேசாகத் திறக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் நூடுல்ஸ் வாங்கத் தூக்குப் பாத்திரத்தோடு படியிறங்கும்போது, இதற்கா இவ்வளவு அலங்காரம் என்று ஒருத்தி கேட்பாள். அவளுடைய உடை மாறுவதை வைத்துத்தான் நாள் போவதே நமக்குத் தெரியும்.

மதுரை_லைட்மேன்:

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன். சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’, 1956. காசியில் அந்தக் குடும்பம் இருக்கும் வீட்டு முற்றம் கல்கத்தா ஸ்டுடியோவில் போட்ட செட். காசி வீட்டு முற்றத்துக்கு வெளிச்சம் மேலேயிருந்து, அழுத்தமான நிழல் விழாமல் இறங்கும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத்துணியை இழுத்துக் கட்டி, விளக்கு வெளிச்சத்தை அதில் அடித்துத் திருப்பிவிட்டார். ராயின் முதல் படமான ‘பதேர் பாஞ்சாலி’க்கு முன்னால் அவர் மூவி கேமராவே இயக்கியதில்லை. இன்றைக்கு நாம் பவுன்ஸ் என்று சாதாரணமாகச் சொல்லி தெர்மோகோலைத் தூக்குகிறோமே, அந்த வேலைதான். படம் பார்க்கும்போது அது செட் என்ற நினைப்பே வராது. அப்பா ஹரிஹர் படுத்த படுக்கையாவது, அம்மா சர்பஜயா மகனோடு தனியாக நிற்பது, இதுதான் கண்ணில் இருக்கும்.

உங்களிடம் ஒரு கேள்வி. அந்த வெயில் வரும் நேரத்தில் உங்கள் கடைக்காரர் என்ன செய்துகொண்டிருப்பார்?

கும்பகோணம்_கேமரா:

எல்லோருக்கும் நன்றி. ‘வீடு’ நேற்று ராத்திரி பார்த்தேன் ஐயா, தாத்தா காட்சியை மூன்று தடவை. தங்கச்சி சொன்ன படத்தை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.

மதுரை நண்பரே, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. படத்தில் அந்த நேரத்தில் கடைக்காரர் சும்மா நிற்கிறார், நான்தான் நிற்கச் சொன்னேன். நேற்று அவரிடமே போய்க் கேட்டேன். நிஜத்திலும் அவர் 40 வருஷம் பாத்திரக்கடை நடத்தியவர். “அந்த நேரத்துக்குப் புளி போட்டுத் தேய்ச்சிக்கிட்டு இருப்பேன் தம்பி, இல்லேன்னா எப்படி மின்னும்?” என்றார். கடைசி நாளுமா என்று கேட்டேன். “கருத்த குடத்தை வெச்சுட்டா கடையை மூடுவாங்க?” என்றார்.

சனிக்கிழமை திரும்ப எடுக்கிறோம். வெயில் ஆறரைக்கு வரும். ஆறு மணிக்கே புளியோடு உட்கார்ந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.