கென்யா ரிஃப்ட் வேலி: லாங்கனாட், நைவாஷா, பொகோரியா ஐந்து நாளில் முடியுமா?

தூரதேசி:
வணக்கம். பிப்ரவரியில் இரண்டு பேர் கென்யா போகிறோம். நைரோபியில் இறங்கியபின் ரிஃப்ட் வேலி என்ற பிளவுப் பள்ளத்தாக்குக்கென்று ஐந்து நாள் ஒதுக்கியிருக்கிறோம். மூன்று ஆசை: ஓர் எரிமலை வாயின் விளிம்பு வரை ஏற வேண்டும், வெந்நீர் ஊற்றில் குளிக்க வேண்டும், பூநாரைக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். குளியலுக்குப் பொகோரியா ஏரி, பூநாரைக்கு நக்குரு ஏரி என்று போட்டு வைத்திருக்கிறோம். இந்த வரிசை சரியா? காரும் டிரைவரும் எல்லா நாளும் தேவையா, மத்தாத்து என்ற பகிர்வு வேனில் சமாளிக்கலாமா?

நீர்க்காகம்:
நீங்கள் போட்டதில் இரண்டை மாற்ற வேண்டும்.

பொகோரியாவில் குளிக்க முடியாது. மேற்குக் கரையில் லோபுரு என்ற இடத்தில் வருவது கொதிநீர். ஏரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 990 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே 97 டிகிரிக்குள்ளேயே தண்ணீர் கொதித்துவிடும். ஊற்றுகள் அதை ஒட்டிய சூட்டில்தான் பீறிடுகின்றன. ஊற்றின் வாயைப் பார்த்து எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள், ஆபத்து அதைச் சுற்றியிருக்கும் தரையில். உப்பு படிந்து வெளுத்த தரை கெட்டியாகத் தெரியும், அடியில் குடைந்திருக்கும். மிதித்தால் ஓடு உடைந்து கால் உள்ளே போகும். ஏற்கெனவே ஆள் நடந்து தேய்ந்த தடத்தை விட்டு விலகாதீர்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள். எதிர்க்காற்றில் ஆவி முகத்தை மூடினால் அடுத்த அடி எங்கே வைப்பது என்றே தெரியாது. செருப்பு வேண்டாம், மூடிய ஷூ. அங்கே முட்டை வேகவைக்கிறவர்கள் உண்டு. செய்தால் ஓடுகளைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள், அந்தத் தண்ணீரைக் குடிக்க மட்டும் வேண்டாம். ஃபுளோரைடு மிக அதிகம்.

பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போனால் ஏமாற்றமாக இருக்கும். 2010க்குப் பின் ரிஃப்ட் வேலி ஏரிகள் எல்லாமே உயர்ந்தன. பொகோரியாவில் கரையோரச் சாலையும் ஊற்றுகளில் சிலவும் தண்ணீருக்குள் போயின. எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று லோபோய் வாயிலில் கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.

பூநாரை விஷயமும் இதே தண்ணீர்க் கணக்குதான். இந்த ஏரிகளுக்குப் பெருங்கூட்டமாக வருவது சிறு பூநாரை. அதன் உணவு ஸ்பைருலினா என்று நாம் சொல்லும் நுண்பாசி. அது காரத்தன்மை மிகுந்த சோடா ஏரியில்தான் தழைக்கும். மழைத் தண்ணீர் சேர்ந்து காரம் நீர்த்துப்போனால் பாசி குறையும், பறவை வேறு ஏரிக்குப் போய்விடும். நக்குருவில் நடந்தது அதுதான். அதனால் ஓர் ஏரியை நம்பி டிக்கெட் போடாமல், கிளம்புவதற்கு முந்தின வாரம் தங்குமிடத்தில் விசாரித்து நக்குருவா, பொகோரியாவா, எலிமென்டைட்டாவா என்று முடிவுசெய்யுங்கள். பொகோரியாவில் நன்னீர் ஓடை வந்து சேரும் முகத்துவாரங்களில் தேடுங்கள்; குடிக்கவும் இறகு கழுவவும் அங்கே கூடும். நைவாஷாவில் தேட வேண்டாம். வெளியே ஓடும் ஆறு இல்லாவிட்டாலும் நிலத்தடி வழியாகக் கசிவதால் அது நன்னீர் ஏரியாகவே இருக்கிறது.

சக்கரம்:
லாங்கனாட் எரிமலை, நைவாஷா ஏரிக்கு அருகிலுள்ள ஹெல்ஸ் கேட் பூங்கா இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

லாங்கனாட் 2,776 மீட்டர். பூங்காவின் நுழைவாயிலிலிருந்து எரிமலை வாயின் விளிம்பு வரை சுமார் 3 கி.மீ., விளிம்பை முழுதும் சுற்ற 7.2 கி.மீ., பிறகு அதே வழியில் இறக்கம். ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் நிழலும் இல்லை, தண்ணீரும் கிடையாது. ஆளுக்கு 3 லிட்டர் தூக்குங்கள். பாதை முழுக்க எரிமலைச் சாம்பல். காய்ந்த மாதத்தில் மாவு மாதிரி வழுக்கும், பலர் விழுவது ஏறும்போது அல்ல, இறங்கும்போது. பிடிமானம் தேய்ந்த ஷூவோடு போகாதீர்கள். கைத்தடி ஒன்று இருந்தால் நல்லது. காலை ஏழு மணிக்குள் நடக்கத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் விளிம்பில் இருப்பீர்கள். பிற்பகலில் விளிம்பைச் சுற்றத் தொடங்காதீர்கள், சிகரத்தை ஒட்டிய ஏற்ற இறக்கம்தான் நேரத்தைத் தின்னும்.

ஹெல்ஸ் கேட் பூங்காவுக்குள் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். கென்யப் பூங்காக்களில் இது அரிய சலுகை. எல்சா வாயிலுக்கு அருகே வாடகைக்குக் கிடைக்கும். பணம் கொடுக்குமுன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள், கியரை மாற்றிப் பாருங்கள், பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் கேளுங்கள். கருவேல முள் டயரைச் சும்மா விடாது. வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி ஒதுங்கிப் போகும். காட்டெருமை அப்படியில்லை. தனியாக நிற்கும் கிழட்டு ஆண் எருமையைக் கண்டால் நின்று, திரும்பிப் போய் ஒரு வண்டி வரும்வரை காத்திருங்கள். பபூன் குரங்கு பையைத் திறக்கும், சாப்பாட்டை வெளியே காட்டாதீர்கள்.

அந்தப் பூங்காவிலுள்ள மலையிடுக்கு, அதாவது ஓல் ஞொரோவா: திறந்திருந்தால் உள்ளூர் வழிகாட்டியோடு மட்டும் இறங்குங்கள். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் தொலைவில் மலையில் பெய்த மழை சில நிமிடத்தில் சுவர் போல வரும். 2019 செப்டம்பரில் இப்படித்தான் ஏழு பேர் இறந்தார்கள். மேலே மேகம் கறுத்தால் கொடுத்த காசைப் பார்க்காதீர்கள், ஏறிவிடுங்கள்.

இன்னொன்று. 2020 ஜூன் முதல் கென்யாவின் பூங்காக்களில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. வாங்கிய தண்ணீர் பாட்டிலோடு வாயிலுக்குப் போகாமல் எஃகுக் குடுவையில் நிரப்பிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கைப்பை 2017லிருந்து நாடு முழுக்கவே தடை, பெட்டியில் வைத்துக்கொண்டு வராதீர்கள்.

தூரதேசி:
மிக்க நன்றி இருவருக்கும். அப்படியானால் குளிப்பது எங்கே? பூநாரை இல்லாவிட்டால் நக்குருவை விட்டுவிடலாமா?

நெய்தல்:
குளியலுக்கு ஓல்காரியா. ஹெல்ஸ் கேட் பூங்காவுக்குள் புவிவெப்ப மின்நிலையங்கள் இருக்கின்றன. அங்கே நிலத்தடியிலிருந்து வரும் வெந்நீரைத் தேக்கி, ஆறவைத்து, குளம் கட்டியிருக்கிறார்கள். பூங்கா டிக்கெட் தனி, குளத்துக்குத் தனி. சைக்கிள் ஓட்டிய அன்றே மாலையில் வைத்துக்கொண்டால் பூங்கா டிக்கெட் இன்னொரு நாளைக்கு எடுக்க வேண்டாம். வெள்ளி நகையைக் கழற்றிவிட்டு இறங்குங்கள், கந்தகம் கறுக்க வைத்துவிடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து தண்ணீர் குடிக்க வேண்டும்.

நக்குருவை விடாதீர்கள் என்பது என் கருத்து. பூநாரை போனாலும் காண்டாமிருகம் இருக்கிறது, கறுப்பு, வெள்ளை இரண்டும். வேலி போட்ட சிறிய பூங்கா என்பதால் ஒரே காலையில் பார்த்துவிடும் வாய்ப்பு அதிகம். அங்கே குறித்த இடங்களைத் தவிர வண்டியை விட்டு இறங்க முடியாது. அதனால் நக்குருவுக்கும் பொகோரியாவுக்கும் கார் வேண்டும், நைவாஷா வரை மத்தாத்து போதும். பொகோரியா மாவட்ட நிர்வாகத்தின் கீழ் வருவது, வனவிலங்குத் துறை டிக்கெட் அங்கே செல்லாது. வனவிலங்குத் துறைப் பூங்காக்களிலோ ரொக்கம் வாங்கமாட்டார்கள். இணையத்தில் முன்பே கட்டிவிடுங்கள்.

நைவாஷாவில் இருட்டியபின் கரையோரம் நடக்காதீர்கள். நீர்யானை இரவில்தான் புல் மேய ஏறும், தண்ணீருக்குத் திரும்பும் வழியில் குறுக்கே நின்றால் தாக்கும். படகில் உயிர்காப்பு உடை தராதவரோடு ஏறவே வேண்டாம்.

நைவாஷா 1,880 மீட்டருக்கு மேல், இரவில் குளிரும், கம்பளிச் சட்டை வேண்டும். பொகோரியா, பரிங்கோ பக்கம் தாழ்வு, பகலில் அனல், கொசுவும் அதிகம். மலேரியா மாத்திரை பற்றிக் கிளம்புமுன்பே மருத்துவரிடம் கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போடுங்கள். கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது சான்றிதழ் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்துவார்கள். 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதில் மின்னணுப் பயண அனுமதி, அதையும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

வரிசை இப்படி: முதல் நாள் விடியுமுன் நைரோபியிலிருந்து மாய் மஹியூ வழியாகக் கிளம்பினால் லாங்கனாட் வழியிலேயே வரும், ஏறிவிட்டு நைவாஷாவில் தங்கல். இரண்டாம் நாள் ஹெல்ஸ் கேட், மாலையில் ஓல்காரியா. மூன்றாம் நாள் காலை படகு, மதியம் நக்குரு நகரம். நான்காம் நாள் இருட்டோடு கிளம்பி மொகோடியோ வழியாக, நிலநடுக்கோட்டைத் தாண்டிப் பொகோரியா. பத்து மணிக்குள் ஊற்றைப் பார்த்துவிட்டால் வெயிலில் வாட வேண்டாம். இரவு மறுபடி நக்குரு. ஐந்தாம் நாள் காலை காண்டாமிருகம், பிற்பகல் நைரோபி. அன்றிரவே விமானம் வைக்காதீர்கள். நக்குரு–நைரோபி சாலையில் ஒரு லாரி கவிழ்ந்தாலே மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும்.