குடியிருப்பு முற்றத்துக்கு காலேஜ் பசங்க போட்ட பிளான்: ஏத்துக்கலாமா, வேணாமா?

நாலாம்_பிளாக்:
நம்ம வியாசர்பாடி வாரியக் குடியிருப்புல நாலு பிளாக்குக்கும் நடுவுல கிடக்கிற காலி இடத்தைப் பத்திதான் பேச்சு. கட்டடக்கலை படிக்கிற பசங்க ஞாயித்துக்கிழமைல வந்து, ஜனங்களோட உக்காந்து பேசி ஒரு வரைபடம் போட்டிருக்காங்க. துணி காயப்போட கம்பி, புள்ளைங்க ஆட மண்தரை, கேரம் ஷெட், ஓரமா ஆட்டோ வரிசை. நடுவுல ஒண்ணுமே வைக்காம காலியா விட்டிருக்காங்க. வேலி கிடையாது. நலச்சங்கம் கையெழுத்துப் போடணும். எனக்கு சம்மதம். மத்தவங்க சொல்லுங்க.

பழைய_குடித்தனம்:
எனக்கு சம்மதம் இல்ல. பசங்களுக்கு மார்க் வேணும், அதுக்கு நாம கிடைச்சோம். செமஸ்டர் முடிஞ்சா எவன் திரும்பி வருவான்? படிக்கட்டுல கம்பி வெளிய தெரியுது. மேல் வீட்டு கக்கூஸ் பைப் கீழ் வீட்டுல ஒழுகுது. அதைக் கேக்க நாதியில்ல, முற்றத்துக்கு அலங்காரமாம். 2021-ல புளியந்தோப்பு கே.பி. பார்க் வாரியக் குடியிருப்புல புதுக் கட்டடத்துப் பூச்சே கையோட உதிர்ந்ததை ஊரே பார்த்துச்சு. முதல்ல சுவரு, அப்புறம் தோட்டம்.

நாலாம்_பிளாக்:
அண்ணே, சுவருக்கும் மனு கொடுப்போம், யாரு வேணாம்னா? ஆனா நாமளா ஒண்ணும் வரைஞ்சு கொடுக்கலன்னா இன்னா வரும்னு எனக்குத் தெரியும். கம்பி வேலி, ஒரு பூட்டு, நாலு உடற்பயிற்சி மெஷின், திறந்து வெச்சவங்க பேரு போட்ட கல்லு. ஆறே மாசத்துல மெஷின் மேல துணி காயும்.

மூணாம்_வருஷம்:
வணக்கம். வரைபடம் போட்டவங்கள்ல நானும் ஒருத்தி. மார்க் இருக்கு, மறைக்கல. ஆனா ஐயா சொல்ற சுவருக்கும் முற்றத்துக்கும் சம்பந்தம் இருக்கு. இங்க குடியிருக்கிற மேஸ்திரி அண்ணன்தான் எங்களோட சேர்ந்து தண்ணி ரொப்பின மட்டக்குழாய் பிடிச்சு தரையோட உயரத்தை அளந்தார். தரைத்தள வீடுகளோட வாசப்படியை விட முற்றம் உயரமா இருக்கு. ஒவ்வொரு தடவையும் பழைய தரையைப் பேர்க்காம அது மேலயே சிமெண்ட்டும் கல்லும் போட்டதால வந்த உயரம். மழைத்தண்ணி வடிகாலுக்குப் போகாம சுவரடியில நிக்குது, சுவரு அதை உறிஞ்சுது. தெருவுல புது ரோடு போட்டா பழசைச் சுரண்டிட்டுத்தான் போடணும்னு 2021-ல தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டார். குடியிருப்புக்குள்ள அதை யாரும் நினைக்கிறதில்ல. எங்க பிளான்ல முதல் வேலையே தரையை இறக்கி, சரிவை வடிகால் பக்கம் திருப்புறதுதான்.

பழைய_குடித்தனம்:
இறக்கினா தண்ணி எங்கம்மா போகும்? கேப்டன் காட்டன் கால்வாய் ரொம்புனா அந்தத் தண்ணி நம்ம பக்கம்தான் திரும்பும். 2023-ல மிக்ஜாம் புயல் வந்தப்போ நீ இங்க இல்ல.

மூணாம்_வருஷம்:
கால்வாய் எதிர்த்து வந்தா இந்தச் சரிவு காப்பாத்தாது, உண்மைதான். ஐப்பசி மழைக்கு வாசல்ல தண்ணி நிக்காம இருக்க மட்டும் இது உதவும். அதுக்கு மேல நாங்க எதுவும் சொல்லல.

மாடிவீட்டு_அக்கா:
அண்ணே, நீங்க கூட்டத்துக்கு வரவே இல்ல, அதான் இப்படிப் பேசுறீங்க. முதல் வரைபடத்துல நடுவுல வட்டமா கல்லு மேடை, அதுல மரம்னு அழகா போட்டிருந்தாங்க. நாங்க பொம்பளைங்க ஒரே கேள்விதான் கேட்டோம்: சாவு விழுந்தா பந்தல் எங்க, ஐஸ் பெட்டி எங்க? ஆடிக்கு கூழு ஊத்துற அண்டா எங்க? பாவம், அந்தப் புள்ளைங்க முழிச்சதைப் பார்க்கணுமே. அடுத்த வாரம் சாக்பீஸால தரையிலயே நிஜ அளவுல கோடு போட்டு, நாங்க நடந்து பார்த்து, மேடையைத் தூக்கி ஓரமா வெச்சோம். அந்தக் காலி இடம் நாங்க சண்டை போட்டு வாங்கினது. அதை வெறும் மார்க்குன்னா எப்படி?

ராத்திரி_சவாரி:
நான் ஆட்டோக்காரன். இன்னா வேணா கட்டுங்க, வண்டி நம்ம கண்ணுல படணும். ராத்திரி மெயின் ரோட்டுல விட்டா காலையில பேட்டரி இருக்காது. பிளான்ல இருக்கிற வரிசையில பாதி வண்டிதான் நிக்கும். மீதிப் பாதி?

நாலாம்_பிளாக்:
மீதி, காலி இடத்துல ராத்திரி மட்டும் நிக்கட்டும். விடிஞ்சா எடுத்துடணும்.

மாடிவீட்டு_அக்கா:
ராத்திரி மட்டும்னு ஆரம்பிச்சு பகலும் ஆகிடும். இது எனக்கு ஒத்துவராது.

பழைய_குடித்தனம்:
பாத்தீங்களா, இப்பவே அடிதடி. காசுக்கு இன்னா வழி? நமக்கு நாமே திட்டம்னா மூணுல ஒரு பங்கு ஜனங்க போடணும். யாரு போடுறது?

நாலாம்_பிளாக்:
ஒரே மூச்சுல எல்லாம் வேணாம். வார்டுல ஜனங்க உக்காந்து குறை சொல்ற பகுதி சபை வருஷத்துக்கு நாலு தடவை கூடணும்னு விதி இருக்கு, டிசம்பர் 10 அதுல ஒரு நாள். அங்க தரை வேலையை மட்டும் தீர்மானமா வைப்போம். பராமரிப்புக்கு வாரியத்தோட 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டம் இருக்கு. நாம கட்டுற காசுக்கு ஈடா அரசும் போடுது. கட்டணும், அவ்ளோதான்.

மாடிவீட்டு_அக்கா:
கேரம் ஷெட் சாவி யார் கிட்ட? இப்ப இருக்கிற கிளப்புல எங்க பொண்ணுங்க கால் வைக்க முடியல. புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுறவர் பொண்ணு காசிமா 2024-ல அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கிட்டு வந்தா. நம்ம பொண்ணுங்க படிக்கட்டுல போர்டு வெச்சு ஆடுதுங்க. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து ரெண்டு மணி நேரம் அவங்களுக்குன்னு எழுதிக் கொடுங்க.

ராத்திரி_சவாரி:
அந்த நேரத்துலதான் நாங்க சவாரி முடிச்சு ஒரு ஆட்டம் போடுவோம், அக்கா.

மாடிவீட்டு_அக்கா:
ஏழு மணிக்கு மேல போடுங்க. யாரு தடுத்தா?

பழைய_குடித்தனம்:
சரி, என் பக்கம் சொல்லிடறேன். ஷெட், மேடை, கம்பி, சாவி எதுக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். தரையை இறக்குறதுக்கு மட்டும் தனித் தாளா எழுதி, மேஸ்திரி அளந்த அளவையும் போட்டுக் கொண்டாங்க. கூடவே கக்கூஸ் பைப் மனுவும் வரணும். ரெண்டும் ஒண்ணாப் போனாத்தான் என் கையெழுத்து.

மூணாம்_வருஷம்:
அளவு எங்க கிட்ட இருக்கு, ஐயா. சனிக்கிழமை தனித் தாளா கொண்டு வர்றேன். எந்தெந்த வீட்டுல பைப் ஒழுகுதுன்னு நீங்க கூட வந்து காட்டினீங்கன்னா அதையும் அன்னிக்கே வரைஞ்சுடலாம்.

ராத்திரி_சவாரி:
என் பேட்டரிக்கு இன்னும் பதில் வரல.