தொட்டி மாற்றிய போன்சாய், ஏப்ரலில் மைனஸ் 4: வீட்டுக்குள்ளா, கராஜுக்குள்ளா?

மேப்பிள்மாடி:
டொரோண்டோவில், ஸ்காபரோ பக்கம் இருக்கிறேன். போன வாரம் நாலு நாள் தொடர்ந்து 15 டிகிரிக்கு மேல் வெயில் அடித்ததும் கை சும்மா இருக்கவில்லை, ஜப்பானிய மேப்பிள், சீன எல்ம், ஜூனிப்பர், லார்ச் என்று நாலு போன்சாய் (தொட்டியில் குட்டையாக வளர்க்கிற) மரத்துக்கும் தொட்டி மாற்றிவிட்டேன். மேப்பிளின் வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டியாயிற்று, மொட்டு வேறு வீங்கிச் சிவந்து நிற்கிறது. இப்போது பார்த்தால் வியாழன் இரவு மைனஸ் 4, வெள்ளி மைனஸ் 3 என்கிறார்கள். எல்லாவற்றையும் ஹாலுக்குள் கொண்டுவந்து வைத்துவிடலாமா? ஹீட்டர் இல்லாத கராஜ் இருக்கிறது, ஆனால் ஜன்னல் கிடையாது. போன வருஷம் இதே நேரத்தில் ஒரு ட்ரைடென்ட் மேப்பிள் போய்விட்டது, குளிரில் போனதா என் கைராசியில் போனதா என்று இன்னும் புரியவில்லை.

வேர்ப்பித்தன்:
ஹால் வேண்டாம் தம்பி. 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் மொட்டு எல்லாம் விரிந்துவிடும், வேரோ வெட்டுப்பட்டுக் கிடக்கிறது, அத்தனை இலைக்கும் தண்ணீர் ஏற்ற அதனால் முடியாது. அந்த இளந்தளிரைத் திரும்ப வெளியே வைத்தால் ஒரே இரவில் கருகிவிடும். கராஜ்தான் சரி. மொட்டு விரியாத வரை இருட்டு ஒன்றும் செய்யாது. இலை வந்துவிட்டால் மட்டும் பகலில் வெளியே எடுத்து வைத்துச் சாயங்காலம் உள்ளே கொண்டுபோக வேண்டும். முதுகு வலிக்கும், என்ன செய்வது.

ட்ரைடென்ட் போனதற்குக் காரணம் கைராசி இல்லை என்றுதான் நினைக்கிறேன். மரத்தின் கிளை மைனஸ் 20 தாங்குகிறது என்பதற்காக வேரும் தாங்கும் என்று நம்பக்கூடாது. தரைக்குள் மண் காற்றைப் போல அவ்வளவு குளிர்வதில்லை, அதனால் வேருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. ஆழமில்லாத போன்சாய் தொட்டியில் நாலு பக்கமும் குளிர் ஏறும், வெட்டிய இடத்தில் முளைக்கிற புது வேர் நுனியோ வெறும் தண்ணீர்ப் பை மாதிரி. ட்ரைடென்டின் வேர் சாதாரண நாளிலேயே உறைபனிக்குப் பலவீனம்.

லார்ச்சைப் பற்றிக் குறைவாகக் கவலைப்படுங்கள், அதன் சொந்தக்கார மரமான டமராக் ஒன்டாரியோ சதுப்புகளில் தானாக வளர்வது. ஆனாலும் வேர் வெட்டிய வருஷம் மண் கட்டியாக உறைய விடாதீர்கள். ஜூனிப்பருக்குக் குளிரைவிடக் காற்றுதான் வில்லன். அது செத்தும் பல வாரம் பச்சையாகவே நின்று நம்மை ஏமாற்றும்.

நீலமலை:
நான் ஊட்டி. இங்கே உறைபனி டிசம்பர், ஜனவரியில்தான், ஆனால் குணம் ஒன்றே: மேகமில்லாமல், காற்றில்லாமல், நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற இரவுதான் ஆபத்து. தாவரவியல் பூங்காவில் பூ நாற்றுகளை மிலார் என்கிற புதர்ச் செடியைப் போட்டு மூடுவார்கள், நான் பழைய வேட்டியைக் குச்சி நட்டு அதன்மேல் விரிக்கிறேன். பிளாஸ்டிக் ஷீட் இலையில் ஒட்டினால் அந்த இடம் கருகும். விடிந்ததும் துணியை எடுக்க மறந்துவிடாதீர்கள்.

குளிர்காய்ச்சி:
கராஜ் இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன், என்னுடையது அபார்ட்மென்ட் பால்கனி. மீன் கடையில் கேட்டால் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி சும்மா தருவார்கள், நன்றாகக் கழுவி, அடியில் நாலு ஓட்டை போட்டு, தொட்டியை உள்ளே வைத்து, சுற்றிலும் மரப்பட்டைத் தூளை நிரப்பிவிடுவேன். கழுவாவிட்டால் பக்கத்து வீட்டுப் பூனை வரும், அனுபவம். முற்றம் உள்ளவர்கள் மேசையில் இருந்து இறக்கித் தரையில், சுவர் ஓரமாக வைத்தாலே பாதி வேலை முடிந்தது. மண் காய்ந்திருக்கக்கூடாது, ஈர மண் சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். அதற்காகத் தொட்டியில் தண்ணீர் தேங்க விட்டால் வெட்டிய வேர் அழுகும்.

இன்னொன்று, மரத்தைத் தொட்டியோடு கம்பி போட்டு இறுக்கிக் கட்டினீர்களா? தூக்கி இறக்கும்போது ஆடினால் புது வேர் அறுந்துவிடும்.

மேப்பிள்மாடி:
எல்லோருக்கும் நன்றி. வியாழன், வெள்ளி இரவுகளில் நாலும் கராஜில்தான் இருந்தன, வெள்ளி விடிகாலை உள்ளே 2 டிகிரி காட்டியது. மேப்பிளை மட்டும் அதற்கு முந்தின புதன்கிழமை இரவு வெளியே மறந்து தூங்கிவிட்டேன், மேலே இரண்டு மொட்டு கறுத்துவிட்டது. வெட்டிவிடட்டுமா? உரம் போட்டால் தேறுமா?

வேர்ப்பித்தன்:
இரண்டும் வேண்டாம். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் கீழே உறங்கும் மொட்டு சில வாரத்தில் எழும், எதுவரை செத்தது என்று அப்போது தெரியும், அதற்குப் பிறகு கத்தரியுங்கள். உரத்தை இலை முதிரும் வரை தொடாதீர்கள். மே மாதம் வரும் விக்டோரியா தின விடுமுறை வரை அந்தக் கராஜில் காரை விடாமல் இருந்தால் நல்லது.