‘ஒரு மா எத்தனை சென்ட்?’ கூகுளின் விடைப்பெட்டியில் என் பக்கம் வராதது ஏன்?

வரப்போரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நில அளவுகளைப் பற்றித் தமிழில் ஒரு சிறு தளத்தை மூன்று ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பட்டாவிலும் பத்திரத்திலும் வரும் ஏர், சென்ட், கிரவுண்ட் போன்ற அலகுகளையும், பெரியவர்கள் பேச்சில் இன்றும் புழங்கும் குழி, மா, காணி, வேலி ஆகியவற்றையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டுவதே தளத்தின் வேலை. ‘ஒரு மா எத்தனை சென்ட்’ என்று கூகுளில் தேடினால் என் கட்டுரை முதல் பக்கத்தில் மூன்றாவதாக வருகிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே பெட்டி கட்டிக் காட்டப்படும் விடை, அதாவது ஃபீச்சர்டு ஸ்னிப்பெட், வேறொரு தளத்திலிருந்து எடுக்கப்படுகிறது. அந்தத் தளத்தில் இருப்பது நான்கே வரிகள். குழியின் அளவு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் என்ற செய்தியே அதில் இல்லை.

என் கட்டுரை பழங்கால நில அளவுகோலான உலகளந்த கோலில் தொடங்கி, ஆங்கிலேயர் கால அளவைகளைக் கடந்து, ஆறாவது பத்தியில்தான் மா பற்றிய கணக்குக்கு வருகிறது. எல்லா அலகுகளையும் ஒப்பிடும் அட்டவணையை அழகாக வடிவமைத்துப் படமாக இணைத்திருக்கிறேன். சென்ற மாதம் ஒரு பிளகின் (தளத்தோடு இணைக்கும் துணை நிரல்) வழியாகக் கேள்வி–பதிலுக்கான ஸ்கீமாவையும், அதாவது பக்கத்தில் இருப்பது என்ன என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியீட்டையும், சேர்த்தேன். எந்த மாற்றமும் இல்லை. இதற்கென்று தனியாக ஏதேனும் குறியீடு இட வேண்டுமா? கட்டுரையின் வரலாற்றுப் பகுதியைத் தூக்கிவிட வேண்டுமா? அதற்கு மனம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வலைத்தச்சன் எழுதியது:

முதலில் குறியீட்டைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துவிடலாம். ஒரு பக்கத்தை விடைப்பெட்டிக்கு உரியது என்று நாமே குறித்துக் கொடுக்க வழியில்லை என்பதைக் கூகுள் தன் உதவிப் பக்கங்களிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தேடுபவரின் கேள்விக்குப் பொருத்தமான பகுதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை அதன் நிரல்களே முடிவு செய்கின்றன. நீங்கள் சேர்த்த ஸ்கீமா வேறொரு வசதிக்கானது. தேடல் முடிவின் கீழேயே கேள்விகளை விரித்துக் காட்டிய அந்த வசதியையும் 2023 ஆகஸ்டில் கூகுள் சுருக்கி, பெரும்பாலும் நன்கு அறியப்பட்ட அரசுத் தளங்களுக்கும் உடல்நலத் தளங்களுக்கும் மட்டும் என்று ஆக்கிவிட்டது. ஸ்கீமா இருப்பதால் கெடுதல் இல்லை. விடைப்பெட்டிக்கு அதனால் பயனும் இல்லை.

நம் பக்கமே கதவைச் சாத்தி வைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். சில பிளகின்கள் பக்கத்தின் தலைப்பகுதியில் வரிகளை எடுத்துக் காட்டத் தடை விதிக்கும் ‘நோஸ்னிப்பெட்’ என்ற கட்டளையையோ, எடுத்துக் காட்டும் நீளத்துக்கு வரம்பிடும் ‘மேக்ஸ்-ஸ்னிப்பெட்’ என்பதற்கு மிகச் சிறிய எண்ணையோ எழுதி வைத்துவிடும். அப்படி இருந்தால் நீங்கள் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பெட்டியில் இடம் கிடைக்காமல் போகலாம். பக்கத்தின் மூல நிரலைத் திறந்து ‘ரோபாட்ஸ்’ என்ற சொல்லைத் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாம் இடத்தில் இருப்பது நல்ல நிலைதான், ஏனெனில் பெட்டிக்கான விடை பெரும்பாலும் முதல் பக்கத்தில் உள்ள தளங்களிலிருந்தே எடுக்கப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கட்டுரையிலோ எடுத்துக்கொள்ளும்படியான ஒரு துண்டு இல்லை. ‘ஒரு மா எத்தனை சென்ட்?’ என்பதையே இடைத்தலைப்பாக வைத்து, அதன் கீழே வரும் முதல் பத்தியிலேயே முழு விடையையும் சொல்லிவிடுங்கள். அந்தப் பத்தியை மட்டும் கத்தரித்து எடுத்து, நிலத்தைப் பற்றி எதுவும் அறியாத ஒருவர் கையில் கொடுத்தாலும் பொருள் விளங்க வேண்டும். அட்டவணையைப் படமாக வைத்திருப்பது பெரிய தடை. படத்துக்குள் இருக்கும் எண்களைக் கொண்டு கூகுள் ஓர் அட்டவணையைக் கட்டிக் காட்டாது. எச்டிஎம்எல் அட்டவணையாகவே எழுதினால் பத்தியாகவோ அட்டவணையாகவோ எடுக்கப்பட இரண்டு வாய்ப்புகள் கிடைக்கும்.

வரலாற்றை நீக்க வேண்டாம், கீழே இறக்குங்கள், அது போதும். 2020 ஜூன் முதல் விடைப்பெட்டியைச் சொடுக்கி வருபவரைப் பெரும்பாலும் கூகுள் நேராக அந்த வரிக்கே கொண்டுபோய், மஞ்சள் வண்ணமிட்டுக் காட்டுகிறது. அப்படி வருபவர் உங்கள் முன்னுரையைப் பார்க்கவே போவதில்லை; விடைக்கு உடனடியாகக் கீழே என்ன இருக்கிறதோ அதைத்தான் பார்ப்பார். உங்களிடம் சொல்வதற்கு இருக்கும் சிறந்த செய்தியை அங்கே வையுங்கள்.

சொல்வளை எழுதியது:

வலைத்தச்சன் சொன்னவற்றோடு தமிழுக்கே உரிய சில சிக்கல்களைச் சேர்க்க விரும்புகிறேன். ஆங்கில வழிகாட்டிகளில் விடைப்பத்தி 40 முதல் 60 சொற்கள் இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். கூகுள் அப்படி ஓர் எண்ணைச் சொன்னதில்லை. அந்தக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்தால் பத்தி மிகவும் நீண்டுவிடும், ஏனெனில் வேற்றுமை உருபும் உம்மையும் ஏகாரமும் சேர்ந்து ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்களில் வருவது நம் மொழியில் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. 25 முதல் 35 சொற்களுக்குள் முடிப்பது தமிழுக்குச் சரியாக இருக்கும் என்பது என் அனுபவம்.

அடுத்தது சுட்டுச் சொற்கள். பத்திக்குப் பத்தி ‘இது’, ‘அவ்வாறு’, ‘மேற்கூறிய’ என்று தொடங்குவது நம் கட்டுரை மரபில் அழகாகவே இருக்கும், ஆனால் துண்டாக எடுக்கப்படும் பத்திக்கு மேலே எதுவும் இருக்காது. ‘இது ஏறத்தாழ 33 சென்ட் ஆகும்’ என்ற வரி தனியாக நின்றால் எது 33 சென்ட் என்று யாருக்குத் தெரியும்? எழுவாயை முழுமையாக எழுதிவிடுவதே பாதுகாப்பு.

தேடுபவர்கள் எழுத்தைப் பலவிதமாக இடுகிறார்கள். ‘சென்ட்’, ‘செண்ட்’, ‘செண்டு’ மூன்றும் வரும். ‘எத்தனை’ என்றும் ‘எவ்வளவு’ என்றும் கேட்பார்கள். ஆங்கில எழுத்துகளிலேயே தமிழைத் தட்டச்சிடுபவர்களும் மிகுதி. இதைப் பார்த்து ஒவ்வொரு எழுத்து வடிவத்துக்கும் ஒரு தலைப்பு வைத்து அதே விடையை நான்கு முறை எழுதியிருந்த ஒரு தளத்தை அண்மையில் கண்டேன், படிக்கவே கூச்சமாக இருந்தது. தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் செர்ச் கன்சோல் கருவியில் உங்கள் பக்கத்துக்கு வந்த தேடல்களைத் திறந்து பாருங்கள். மிகுதியாக வரும் வடிவத்தைத் தலைப்பில் வையுங்கள், இன்னொன்றைப் பத்திக்குள் இயல்பாக வரும் இடத்தில் ஒருமுறை சொல்லுங்கள்.

(உங்கள் பழைய கட்டுரைகளில் ஏதேனும் பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால் முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை வெறும் ஆங்கில எழுத்துகள்தான்.)

படியளப்பவர் எழுதியது:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது. இந்தப் பெட்டியைப் பிடிப்பதால் என்ன கிடைக்கும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும். ஒரு காலத்தில் பெட்டியில் வந்த பக்கம் அதற்குக் கீழே வழக்கமான வரிசையிலும் மீண்டும் வரும். 2020 ஜனவரியில் கூகுள் அதை நிறுத்தி, பெட்டியில் வரும் பக்கத்தை முதல் பக்க வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே பெட்டிக்குள் முழு விடையும் அடங்கிவிட்டால், தேடியவர் படித்துவிட்டுப் போய்விடுவார். உங்கள் தளத்துக்கு யாரும் வர மாட்டார்கள். 2024 மே மாதம் அமெரிக்காவிலும் அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவிலும் ஏஐ ஓவர்வியூ (செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் சுருக்க விடை) வந்த பிறகு இந்தப் போக்கு இன்னும் கூடியிருக்கிறது. அங்கே பல தளங்களின் செய்தி ஒரே பத்தியாகப் பிசையப்பட்டு வருகிறது.

அதனால் எந்தக் கேள்விக்குப் போட்டியிடுவது என்பதைத்தான் நான் முதலில் தீர்மானிப்பேன். ‘ஒரு ஏக்கர் எத்தனை ஹெக்டேர்’ என்பதில் இறங்கவே மாட்டேன், ஏனெனில் அதற்குக் கூகுள் தன் சொந்த அலகு மாற்றியையே காட்டிவிடும். நூறு கட்டுரை எழுதினாலும் அதை நகர்த்த முடியாது. ‘ஒரு மா எத்தனை சென்ட்’ என்பது அப்படிப்பட்டதன்று. தஞ்சைப் பக்கம் 12 அடிக் கோலால் அளந்த குழி 144 சதுர அடி. 100 குழி கொண்ட மா 14,400 சதுர அடி. 20 மா கொண்ட வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். செங்கல்பட்டுப் பக்கத்தில் 24 அடிக் கோல் வழங்கியது. அங்கே குழி 576 சதுர அடி, 100 குழி கொண்ட காணி 57,600 சதுர அடி, அதாவது 24 கிரவுண்ட். குழி என்ற ஒரே சொல் நான்கு மடங்கு வேறுபடுகிறது. விடையைப் படித்தவுடன் ‘அப்படியானால் எங்கள் ஊரில் எந்தக் குழி?’ என்ற கேள்வி எழுமானால் அவர் சொடுக்கித்தான் ஆக வேண்டும். நான் சொல்வது விடையை ஒளித்துவைக்கும் தந்திரம் அன்று, விடையே அப்படித்தான் இருக்கிறது; இப்போது பெட்டியில் இருக்கும் தளம் அதைச் சொல்லாமல் விட்டதுதான் உங்களுக்கு வாய்ப்பு.

இன்னொன்று: தமிழ்நாட்டுப் பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்றுதான் இருக்கும். ‘0 ஹெக்டேர் 13.50 ஏர்’ என்று பார்த்தவுடன் சென்ட் கணக்குத் தெரியாமல் திகைப்பவர்கள் எத்தனையோ பேர். ஒரு ஏர் 2.47 சென்ட், ஆகவே அது ஏறத்தாழ 33.4 சென்ட், தஞ்சைக் கணக்கில் ஒரு மாவுக்குச் சற்றுக் கூடுதல். ஏரிலிருந்து சென்டுக்கு ஓர் அட்டவணை போட்டால் அதற்குத் தேடல் உண்டு என்றே நினைக்கிறேன். பெட்டியில் வந்துவிட்டீர்களா என்பதைச் செர்ச் கன்சோல் தனியாகப் பிரித்துக் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். வாரம் ஒருமுறை மறைநிலைச் சாளரத்தில் நீங்களே தேடிப் பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் வழி.

வரப்போரம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மூல நிரலைத் திறந்து பார்த்தேன். தடைக் கட்டளை எதுவும் இல்லை. படத்தை எடுத்துவிட்டு அட்டவணையை எச்டிஎம்எல்லில் எழுதிவிட்டேன், வரலாறு கட்டுரையின் பின்பாதிக்குப் போய்விட்டது. செர்ச் கன்சோலில் ‘செண்ட்’ என்ற வடிவமே மிகுதியாக வந்திருப்பதைப் பார்த்து வியந்தேன். மூன்று ஆண்டுகளாக அந்த எழுத்துப்பிழையை நான் தளத்தில் ஓர் இடத்திலும் விட்டதில்லை. இப்போது விடைப்பத்தி இப்படி இருக்கிறது:

‘தஞ்சை வட்டார வழக்கில் ஒரு மா என்பது 100 குழி, அதாவது 14,400 சதுர அடி, இது ஏறத்தாழ 33 சென்ட் ஆகும். குழியை அளக்கும் கோலின் நீளம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதால், இந்தக் கணக்கு 12 அடிக் கோல் வழங்கிய பகுதிகளுக்கே பொருந்தும்.’

சொல்வளை எழுதியது:

நன்றாக இருக்கிறது. ஆனாலும் அந்த ‘இது’ உள்ளே நுழைந்துவிட்டது. முதல் வாக்கியத்தை ‘தஞ்சை வட்டார வழக்கில் ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட், 100 குழி கொண்ட ஒரு மாவின் பரப்பு 14,400 சதுர அடி’ என்று திருப்பிப் போடுங்கள். கேட்டவர் சென்ட் கணக்கைத்தான் கேட்டார், அது முதலில் வரட்டும். மிகுதியாகத் தேடப்படுவது ‘செண்ட்’ என்பதால் தலைப்பில் அதையே வையுங்கள், ‘சென்ட்’ என்ற வடிவம் விடைப்பத்தியில் இருப்பதே போதும். எழுத்துப்பிழை என்று ‘செண்ட்’ வடிவத்தை ஒதுக்கவும் வேண்டாம், பத்திரங்களிலேயே அப்படியும் எழுதுகிறார்கள்.

வரப்போரம் எழுதியது:

அப்படியே மாற்றிவிட்டேன். பக்கத்தை மீண்டும் படிக்கும்படி செர்ச் கன்சோலில் வேண்டுகோளும் வைத்தாயிற்று. ஏர்–சென்ட் அட்டவணையை 1 ஏர் முதல் 100 ஏர் வரை இன்றிரவு போடத் தொடங்குகிறேன். 100 ஏர் ஒரு ஹெக்டேர் ஆகிவிடுவதால் அங்கேயே நிறுத்திவிடலாம் அல்லவா?

படியளப்பவர் எழுதியது:

நிறுத்தலாம். ஆனால் பட்டாக்களில் பாதி ஏர் மிகுதியாக வரும், 0.50 இடைவெளியில் போடுங்கள். அட்டவணை நீண்டுவிடும் என்று பயமிருந்தால் முதல் பத்து ஏருக்கு மட்டும் அப்படிச் செய்து, மீதியை முழு எண்களில் விடலாம்; சிறு மனைகள்தான் அந்தப் பகுதிக்குள் வரும்.