ஷேடோபேனா, வெறும் ரீச் குறைவா? எப்படி உறுதிப்படுத்துறது?

கேள்வி: கரிக்கோடு

பென்சில் ஓவியம் மட்டும் போடுற கணக்கு. ஃபாலோயர் 4,200 பேர். முன்னாடி ஒரு பதிவை 1,800ல இருந்து 2,500 பேர் வரைக்கும் பார்ப்பாங்க. மூணு வாரமா 700ஐத் தாண்டல. எச்சரிக்கை எதுவும் வரல, எந்தப் பதிவையும் நீக்கல. ஹேஷ்டேக் பக்கத்துல தேடினா என் படம் இல்ல. ஆனா நண்பர் ஒருத்தர் தேடினப்ப என் கணக்கு முதல்லயே வந்துச்சு.

இது ஷேடோபேன்தானா (சொல்லாமலே தளம் நம்ம பதிவை மறைக்கிறது)? 48 மணி நேரம் எதுவும் போடாம இருந்தா தானா சரியாகும்னு சொல்றாங்களே, உண்மையா? கணக்கை அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிக்கிறது நல்லதா?

பதில்: நூல்கண்டு

கணக்கை அழிக்காதீங்க. 'ஷேடோபேன்'ங்கிற ஒரே பேருக்குள்ள நாலு வேற வேற விஷயம் இருக்கு. அதைப் பிரிக்காம மருந்து தேடினா எதுவும் பலிக்காது.

முதல் வகை: நீங்க எழுதினது உங்க கண்ணுக்கு மட்டும் தெரியும், வேற யாருக்கும் தெரியாது. அந்தச் சொல்லோட பழைய பொருள் இதுதான். ரெண்டாவது: ஃபாலோயருக்குத் தெரியும், தேடல்ல வராது. மூணாவது: கணக்கு நல்லா இருக்கும், ஆனா ஃபாலோ பண்ணாதவங்களுக்குத் தளம் பரிந்துரைக்காது. நாலாவது: தடையே கிடையாது, பார்க்கிறவங்க ஆர்வம்தான் குறைஞ்சிருக்கும். ரீச் விழுந்தா பெரும்பாலானவங்க முதல் வகையை நினைச்சுப் பயப்படுறாங்க, ஆனா எச்சரிக்கையே இல்லாம விழுந்தா முதல்ல பார்க்க வேண்டியது மூணும் நாலும்தான்.

உங்க சோதனை ரெண்டுமே செல்லாது. ஹேஷ்டேக் பக்கம் நேர வரிசையில எல்லாப் பதிவையும் காட்டாது, பொறுக்கி எடுத்துத்தான் காட்டும். அதுல இல்லங்கிறது எதையும் நிரூபிக்காது. நண்பர் உங்களை ஃபாலோ பண்றவரா? அப்படின்னா அவர் தேடலுக்கும் மதிப்பில்ல, தெரிஞ்ச கணக்கை அவருக்கு எப்படியும் முன்னாடி காட்டும்.

சரியான சோதனைக்கு உங்களை ஃபாலோ பண்ணாத, உங்க பக்கத்துக்கு இதுவரை வராத ஒரு கணக்கு வேணும். வயது 18க்கு மேல பதிவாகி இருக்கணும், சென்சிட்டிவ் உள்ளடக்கத்துக்கான அமைப்பு மாத்தப்படாம இருக்கணும். இந்த ரெண்டையும் பலரும் விட்டுடுறாங்க. பதின்வயதுக் கணக்குல வடிகட்டல் கடுமையா இருக்கும், அதுல வரலைன்னா உங்க மேல தடைன்னு அர்த்தமில்ல.

அதைவிட உறுதியானது உங்க கணக்கோட இன்சைட்ஸ் (பதிவை யார், எத்தனை பேர் பார்த்தாங்கன்னு காட்டுற பகுதி). விழுறதுக்கு முந்தின 10 பதிவு, பிந்தின 10 பதிவு எடுங்க. ஒவ்வொண்ணுலயும் ஃபாலோயர் எத்தனை பேர், மத்தவங்க எத்தனை பேர்னு தனித்தனியா எழுதுங்க. சராசரி போடாதீங்க, ஒரு பதிவு வைரலாகியிருந்தா கணக்கைக் குழப்பிடும். ஏறுவரிசையில அடுக்கி நடு எண்ணை எடுங்க (10 பதிவுன்னா 5வதுக்கும் 6வதுக்கும் நடுவுல வர்றது). ஃபாலோயர் எண் அப்படியே இருந்து மத்தவங்க எண் மட்டும் சரிஞ்சிருந்தா பரிந்துரை அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். ரெண்டும் ஒரே விகிதத்துல குறைஞ்சிருந்தா தடையைத் தேடாம பதிவுகளைத் திரும்பிப் பாருங்க.

பதில்: ஏழாம்திரை

எந்தத் தளம்னு சொல்லல, அதனால படத்துக்குன்னு அதிகம் பயன்படுற ரெண்டைப் பத்திச் சொல்றேன்.

இன்ஸ்டாகிராம்: செட்டிங்ஸ்ல 'அக்கவுண்ட் ஸ்டேட்டஸ்' இருக்கும். 2022 டிசம்பர்ல இருந்து தொழில்முறைக் கணக்குகளுக்கு, பரிந்துரைக்கத் தகுதி இருக்கா இல்லையான்னு அங்கயே காட்டுறாங்க. நீக்கின பதிவு, பரிந்துரைக்க முடியாத பதிவு, பயன்படுத்த முடியாத வசதின்னு பிரிச்சிருக்கும். தனிப்பட்ட கணக்கா இருந்தா தொழில்முறைக் கணக்கா மாத்திட்டுப் பாருங்க. தகுதி போயிருந்தா எக்ஸ்ப்ளோர், தேடல், ரீல்ஸ், ஃபீட் பரிந்துரை எல்லாத்துலயும் பாதிக்கும்.

இங்க ரெண்டு விதிப்புத்தகம் இருக்குங்கிறதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். ஒண்ணு, பதிவு தளத்துல இருக்கலாமான்னு சொல்றது. இன்னொண்ணு, முன்பின் தெரியாதவங்களுக்கு அதைத் தளமே எடுத்துக் காட்டலாமான்னு சொல்றது. ரெண்டாவது ரொம்பக் கடுமை. முதலாவதை மீறாம ரெண்டாவதுல மாட்டினா பதிவு அப்படியே நிற்கும், எச்சரிக்கையும் வராம போகலாம், ரீச் மட்டும் போயிடும்.

மத்தவங்க படத்தை எடுத்துப் போடுற பழக்கம் இருந்தா அதையும் எண்ணுங்க. 30 நாளைக்குள்ள 10 தடவையோ அதுக்கு மேலயோ, தான் உருவாக்காத, குறிப்பிடும்படி மாத்தாத உள்ளடக்கத்தைப் போடுற கணக்குகளைப் பரிந்துரையிலிருந்து எடுப்போம்னு 2024 ஏப்ரல்ல அறிவிச்சாங்க. வேற ஆப்போட வாட்டர்மார்க் தெரியுற ரீலுக்கும் பரிந்துரை குறையும்.

எக்ஸ் (முன்னாடி ட்விட்டர்): தளத்தோட தடையைத் தேடுறதுக்கு முன்னாடி உங்க அமைப்பைப் பாருங்க. தனியுரிமைப் பகுதியில 'உங்க பதிவுகள்'னு ஒரு இடம். 'நான் போடும் படங்கள் சென்சிட்டிவாக இருக்கலாம்'ங்கிற பொருள்ல ஒரு டிக் இருக்கும். அது தெரியாம விழுந்திருந்தா நீங்க போடுற ஒவ்வொரு படத்துக்கும் நீங்களே திரை போடுறீங்க. தேடுறவங்க பக்கம் சென்சிட்டிவ் உள்ளடக்கத்தை மறைக்கிற அமைப்பு இருந்தா உங்க படம் அங்க வரவே வராது. டிக்கை எடுங்க. அப்புறம் சோதனைக் கணக்குல இருந்து தேடல் பெட்டியில ஆங்கிலத்துல 'ஃப்ரம்'னு அடிச்சு, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாம உங்க பயனர்பெயரைச் சேர்த்துத் தேடுங்க. 'லேட்டஸ்ட்' பகுதியில உங்க புதுப் பதிவு வரணும். அங்க 2023 ஏப்ரல்ல இருந்து விதிமீறலுக்காகப் பார்வை குறைக்கப்பட்ட சில பதிவு மேல வெளிப்படையாவே லேபிள் ஒட்டுறாங்க, அதையும் கவனிங்க.

பதில்: சிறுவிளக்கு

48 மணி நேர ஓய்வுக்கு அடிப்படை இல்ல. ஒரு பதிவு தகுதி இழந்திருந்தா நீங்க ரெண்டு நாள் சும்மா இருந்தாலும் அந்தப் பதிவு அங்கேயேதான் இருக்கும். அளவுக்கு மீறி லைக், ஃபாலோ, ஒரே கமென்ட்டைத் திரும்பத் திரும்பப் போட்டதால வர்ற தற்காலிகத் தடைக்கு மட்டும் காத்திருக்கிறது உதவும். அப்படித் தடைபட்டா அந்தச் செயலைச் செய்யும்போது திரையிலேயே செய்தி வரும்.

தானா ஃபாலோ பண்ற, லைக் போடுற ஆப் எதையாவது இணைச்சிருந்தா உடனே துண்டிச்சு, கடவுச்சொல்லையும் மாத்துங்க. 'ஷேடோபேன் சோதிக்கலாம்'னு சொல்லிக் கடவுச்சொல் கேட்கிற தளத்துக்குப் போகவே வேணாம். சோதிக்கிறதுக்கு அது தேவையே இல்ல.

முதல் வகை இருக்கிற இடத்தையும் சொல்லிடுறேன். ரெடிட்ல லாக்-அவுட் பண்ணி இன்காக்னிட்டோ சாளரத்துல உங்க சுயவிவரப் பக்கத்தைத் திறங்க. பக்கமே இல்லன்னு வந்தா கணக்கு மேலயே தடை, முறையீட்டுப் பக்கத்துல எழுதணும். பக்கம் வந்து ஒரு பதிவு மட்டும் நீக்கப்பட்டதாத் தெரிஞ்சா அது அந்தக் குழுவோட மட்டுறுத்துநரோ தானியங்கி வடிகட்டியோ செஞ்சது, குழுவுக்குத்தான் எழுதணும். யூடியூப் கமென்ட்டும் இப்படித்தான்: பரிசீலனைக்கு நிறுத்தி வெச்சிருந்தாலும் எழுதினவருக்குத் தெரியும். லாக்-அவுட் பண்ணி, புதியது முதல்லன்னு வரிசை மாத்திப் பார்த்தாத்தான் உண்மை தெரியும். லிங்க் இருக்கிற கமென்ட் அடிக்கடி மாட்டும்.

கரிக்கோடு

எண் எடுத்துட்டேன். நடு எண்: ஃபாலோயர் 610ல இருந்து 580. மத்தவங்க 1,460ல இருந்து 45. நிலைப் பக்கத்துல (அக்கவுண்ட் ஸ்டேட்டஸ்) ஒரே ஒரு பதிவு பரிந்துரைக்கத் தகுதியில்லன்னு இருக்கு. ஆடையில்லாத மனித உருவத்தைப் பார்த்து வரைஞ்ச பயிற்சிக் கோட்டோவியம், சரியா மூணு வாரத்துக்கு முன்னாடி போட்டது. அதை அழிச்சிடவா?

பதில்: நூல்கண்டு

இப்போ அழிக்காதீங்க. அழிச்சிட்டா அந்த முடிவை மறுபரிசீலனை பண்ணச் சொல்ல வழியிருக்காது. முதல்ல நிலைப் பக்கத்தையும் இன்சைட்ஸையும் தேதி தெரியுற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. அப்புறம் அந்தப் பதிவுலயே இருக்கிற மறுபரிசீலனைப் பொத்தானை அழுத்துங்க. விளக்கம் எழுத இடம் கிடைச்சா ஒரே வரி போதும்: 'இது கையால் வரைந்த ஓவியம், புகைப்படம் அல்ல.' கோபத்தை அதுல கொட்டாதீங்க.

ஓவியத்துல நிர்வாணம் இருக்கலாம்னு முதல் விதிப்புத்தகம் ஏத்துக்கும், ரெண்டாவது அப்படியே ஏத்துக்கணும்னு இல்ல. ஒரு பயிற்சி ஓவியத்துக்காக மொத்தக் கணக்கையும் ஒதுக்குறது நியாயமில்லன்னுதான் நான் நினைக்கிறேன், ஆனா உங்க கையில இருக்கிற வழி இதுதான். மறுத்துட்டா அந்தப் பதிவை நீக்குங்க. அந்தப் படத்தை இடுப்புக்கு மேல வெட்டி வேற பதிவாப் போடலாம்.

பதில்: ஏழாம்திரை

ஐரோப்பிய ஒன்றியத்துல இருக்கிறவங்களுக்கு இன்னொரு வழி உண்டு. அங்க டிஜிட்டல் சேவைச் சட்டத்தோட 17வது பிரிவு, பதிவை நீக்கினா மட்டுமில்ல, பார்வையைக் குறைச்சாலும் காரணத்தை எழுதித் தரணும்னு சொல்லுது. 2024 பிப்ரவரி 17ல இருந்து அது முழுசா நடைமுறையில இருக்கு. தளத்துக்குள்ளயே முறையிடக் குறைஞ்சது 6 மாசம் அவகாசம். அதே ஆண்டு ஜூலையில ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், காரணம் சொல்லாம ஒரு பயனரோட கணக்கைத் தேடல்ல மறைச்சதுக்காக எக்ஸுக்கு எதிராத் தீர்ப்பு கொடுத்திருக்கு.

பதில்: நூல்கண்டு

கரிக்கோடு, பதிவு சரியானதும் பழைய படங்கள்ல எண் ஏறுதான்னு பார்க்காதீங்க, அதுங்களுக்கான நேரம் போயிடுச்சு. புதுசா 10 பதிவு வழக்கமான இடைவெளியில போட்டு, அதே முறையில நடு எண் எடுங்க. ஒப்பிட வேண்டியது அந்த 1,460ஐத்தான். ஹேஷ்டேக், நேரம், படத்தோட அளவு எதையும் இதுக்கு நடுவுல மாத்தாதீங்க. மாத்தினா எதனால ஏறிச்சுன்னு தெரியாது.