புரசைவாக்கம் வீட்டுக் குழு: பெரியப்பாவின் கண்

மல்லிகா பெரியம்மா, காலை 7:10
எல்லோருக்கும் தெரியட்டும் என்று போடுகிறேன். உங்கள் பெரியப்பா போன வாரம் மொட்டை மாடியில் நின்று முருங்கைக் கிளையை வெட்டும்போது ஒரு குச்சி கண்ணைக் கீறிவிட்டது. தண்ணீரில் கழுவிவிட்டுச் சும்மா இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் ஒரே சிவப்பு, கருவிழியில் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி. நேற்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பூஞ்சைப் புண் என்கிறார்கள்.

ராஜி அத்தை, 7:14
ஐயோ அண்ணி! அண்ணனுக்கு வலி இருக்கிறதா?

மல்லிகா பெரியம்மா, 7:16
இருக்கிறது. ஜன்னலைத் திறந்தாலே கண்ணீர் கொட்டுகிறது. மரத்துப்போகச் சொட்டு விட்டுப் புண்ணிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். இழை இழையாகத் தெரிந்ததாம். நாட்டமைசின் என்று ஒரு சொட்டு மருந்து. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு தடவை. குலுக்கிவிட்டுத்தான் போடவேண்டும். கண் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறது, துடைத்துக்கொண்டே இருக்கிறேன்.

சேகர் சித்தப்பா, 7:31
அண்ணி, எனக்கு மெட்ராஸ் ஐ வந்தபோது மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த சொட்டு மருந்து பாதி பாட்டில் மிச்சம் இருக்கிறது. இரண்டே நாளில் சிவப்பு ஓடிப்போனது. சாயங்காலம் கொண்டுவரட்டுமா?

நிவேதா, 7:33
சித்தப்பா, வேண்டவே வேண்டாம்!! அவ்வளவு சீக்கிரம் சிவப்பு போனது என்றால் அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம். பூஞ்சைப் புண்ணில் அதைத் தனியாக விட்டால் வெளியே சிவப்பு குறையும், உள்ளே பூஞ்சை பரவும். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோவைரஸ், அது தானாகவே அடங்கிவிடும். அந்த பாட்டிலைக் குப்பையில் போடுங்கள்.

ராஜி அத்தை, 7:36
நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டால் குளிர்ச்சி. அம்மா எங்களுக்கு அதைத்தான் விடுவாள்.

நிவேதா, 7:37
அத்தை, திறந்த புண்ணில் பூச்சாறும் வேண்டாம், தாய்ப்பாலும் வேண்டாம். இருக்கிற கிருமி போதாதா? பூவை சாமிக்கு வையுங்கள்.

கார்த்திக், 8:02
அம்மா, இப்போதுதான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை கிளம்பி வருகிறேன். நெட்டில் படித்தேன், நாட்டமைசின் 1950களில் கண்டுபிடித்த மருந்தாம். வோரிகோனசோல் என்று புதுசு இருக்கிறது, விலை அதிகம், பூஞ்சைக்குள் நன்றாக இறங்குகிறது என்கிறார்கள். அதை எழுதித்தரச் சொல்லுங்கள். பணத்தைப் பற்றி யோசிக்காதீர்கள். பழைய மருந்தைக் கொடுத்து ஒப்பேற்றுகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

நிவேதா, 8:11
அண்ணா, இதே கேள்வியை டாக்டர்களும் கேட்டார்கள். சோதனைக்கூடத்தில் வோரிகோனசோல்தான் கெட்டிக்கார மருந்தாகத் தெரிந்தது. அதனால் மதுரை, கோயம்புத்தூர், புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 2010இல் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கினார்கள். பூஞ்சைப் புண்ணோடு வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு நாட்டமைசின், பாதிப் பேருக்கு வோரிகோனசோல். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது.

நிவேதா, 8:13
368 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். 323 பேரோடு நிறுத்திவிட்டார்கள். ஏன் தெரியுமா? கணக்கைத் தனியாகக் கவனித்துவந்த குழு, புது மருந்துப் பக்கம் கருவிழி ஓட்டை விழுவது அதிகமாக இருக்கிறது, இனிமேல் ஆள் சேர்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. 2013இல் முடிவு வெளிவந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில், பழைய மருந்து போட்டவர்களுக்குப் பார்வை அட்டையில் சராசரியாக 2 வரிசை அளவுக்குக் கூடுதலாகத் தெரிந்தது. ஃபியூசேரியம் என்ற பூஞ்சை என்றால் வித்தியாசம் 4 வரிசை. நம் பக்கத்தில் அதிகம் வருவதே அந்தப் பூஞ்சைதான்.

சேகர் சித்தப்பா, 8:15
அடேங்கப்பா. புதுசு தோற்றுப்போனதா!

கார்த்திக், 8:19
சரி, அப்படியென்றால் வோரிகோனசோலை மாத்திரையாகவாவது சேர்த்துக் கொடுக்கலாம் இல்லையா?

நிவேதா, 8:22
அதையும் பார்த்தாகிவிட்டது அண்ணா. மோசமான புண் இருந்த 240 பேர், இந்தியாவிலும் நேபாளத்திலும். சொட்டு மருந்தோடு பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 2016இல் முடிவு சொன்னார்கள், பொதுவாகப் பலன் இல்லை. பக்கவிளைவுதான் கூடியது. டாக்டர் பழைய மருந்து எழுதியது சிக்கனத்துக்காக இல்லை. போட்டி வைத்து ஜெயித்த மருந்து அது.

சேகர் சித்தப்பா, 8:25
அப்போ ஸ்டீராய்டு கண்ணுக்கே ஆகாதா? எனக்குப் புரை எடுத்தபோதுகூட விட்டார்களே.

நிவேதா, 8:29
டாக்டர் பார்த்துக் கொடுத்தால் நல்ல மருந்துதான் சித்தப்பா. பாக்டீரியாப் புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுத்தால் தழும்பு குறையுமா என்று 500 பேரிடம் பார்த்தார்கள், பெரும்பாலோர் நம் அரவிந்த் நோயாளிகள். மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2012இல் வந்தது. அதிலும் பூஞ்சை இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. கடைக்காரர் எந்தக் கிருமி என்று பார்த்தா கொடுத்தார்?

மல்லிகா பெரியம்மா, 9:40
நிவேதா, இன்னொரு விஷயம். நேற்று அங்கே ஒரு பெண் வந்து, ஒரு ஆராய்ச்சியில் சேர விருப்பமா என்று இவரைக் கேட்டாள். இதே சொட்டு மருந்து எல்லோருக்கும் உண்டாம். அதோடு இன்னொரு சிகிச்சையும் சேர்த்தால் சீக்கிரம் ஆறுமா என்று பார்க்கிறார்களாம். எட்டுப் பக்கம் தமிழில் தாள் கொடுத்திருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

கார்த்திக், 9:42
கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா! அப்பா என்ன சோதனை எலியா? வெளிநாட்டுக்காரன் பணம் கொடுப்பான், நம் ஆட்கள் கண்ணைக் கொடுக்க வேண்டுமா?

நிவேதா, 9:50
அண்ணா, உங்கள் கோபம் தப்பில்லை. இந்தியாவில் நோயாளிக்குச் சரியாகச் சொல்லாமலே மருந்து சோதித்த கதைகள் உண்டு, சுப்ரீம் கோர்ட் வரை போனது. அதனால்தான் 2019இல் புது விதிகள் வந்தன. நான் காலையில் சொன்ன ஆராய்ச்சிக்கும் அமெரிக்க அரசின் கண் நிறுவனம்தான் பணம் கொடுத்தது. ஆனால் நோய் இருக்கிற இடத்தில்தானே பார்க்க முடியும்? 90களில் மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கில் வருஷத்துக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண். அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தில் எடுத்ததைப்போல் பத்து மடங்கு. வயலில் நெல் தாள் பட்டு, கரும்புத் தோகை பட்டு வருகிறது. விலை குறைந்த மருந்தே போதும் என்ற பதில் யாருக்கு லாபம்? அந்த விவசாயிகளுக்குத்தான்.

கார்த்திக், 9:53
அது ஊருக்கு நல்லது. அப்பாவுக்கு?

நிவேதா, 9:58
நியாயமான கேள்வி. அவருக்குக் கூடுதல் பலன் கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. தெரிந்திருந்தால் ஆராய்ச்சியே தேவையில்லை. ஆராய்ச்சியில் சேர்வது பற்றி நோயாளிகளிடம் பேசுவதுதான் என் தினசரி வேலை, யாரிடமும் “சேருங்கள்” என்று சொல்வதில்லை. பெரியப்பா நாலு விஷயம் கேட்டுக்கொள்ளட்டும்: கூடுதல் சிகிச்சையால் என்ன கெடுதல் வரலாம், எத்தனை தடவை வரவேண்டும், கெடுதல் வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, நடுவில் விலகினால் இப்போதைய வைத்தியம் தொடருமா. தொடரவேண்டும், அது அவர் உரிமை. அப்புறம், அந்தத் தாளில் சி.டி.ஆர்.ஐ., அதாவது இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளின் பதிவேட்டு எண் இருக்கவேண்டும். 2009இலிருந்து பதிவு செய்யாமல் மருந்துச் சோதனை நடத்தக்கூடாது. எண்ணைப் போட்டால் யார் நடத்துகிறார்கள், எங்கே, எதற்கு எல்லாம் நெட்டில் தெரியும்.

ராஜி அத்தை, 10:05
பச்சைத் தண்ணீரை மருந்து என்று சொல்லி விட்டுவிடுவார்களோ?

நிவேதா, 10:06
இதில் நாட்டமைசின் எல்லோருக்கும் உண்டு என்று சொல்லியிருக்கிறார்களே அத்தை. நல்ல மருந்து இருக்கும்போது அதைக் கொடுக்காமல் வெறும் தண்ணீர் விட, ஆராய்ச்சிக்கு அனுமதி தருகிற எதிக்ஸ் கமிட்டி சம்மதிக்காது.

பெரியப்பா, 11:20
ஒரு கண்ணால் தட்டுகிறேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், என்னைத்தான் யாரும் கேட்கவில்லை. பத்திரப் பதிவு ஆபீசில் உட்கார்ந்தவனுக்கு எட்டுப் பக்கம் ஒரு பெரிய விஷயமா? படித்துவிட்டேன். ஐந்தாம் பக்கத்தில் கெடுதல் நேர்ந்தால் சிகிச்சை இலவசம், நஷ்டஈடும் உண்டு என்று இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று இருக்கிறது. எத்தனை தடவை வரவேண்டும் என்பதுதான் தெளிவாக இல்லை, ‘தேவைக்கேற்ப’ என்று போட்டிருக்கிறான். பத்திரத்தில் அப்படி எழுதினால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

கார்த்திக், 11:24
அப்பா, நான் வரும்வரை கையெழுத்து வேண்டாம். ப்ளீஸ்.

பெரியப்பா, 11:27
வெள்ளிக்கிழமை காலை ரிவ்யூ. நீயும் கூட வா, அந்தப் பெண்ணிடம் நீயே கேள். எனக்குச் சேர இஷ்டம்தான். யாரோ முந்நூறு பேர் சேர்ந்ததால்தானே எனக்கு இன்று எந்த மருந்து என்று டாக்டர் யோசிக்காமல் எழுதினார். ஆனால் எத்தனை தடவை என்று எழுதித் தரட்டும், அப்புறம் பார்க்கலாம்.

மல்லிகா பெரியம்மா, 11:29
மணி பதினொன்றரை ஆகப்போகிறது, போனைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். சொட்டு மருந்து போடவேண்டும்.

சேகர் சித்தப்பா, 11:31
வெள்ளிக்கிழமை என் வண்டி வேண்டாம், தூசி. ஆட்டோ நான் சொல்லிவிடுகிறேன். கார்த்திக், ரயில் எத்தனை மணிக்கு சென்ட்ரல் வருகிறது?

கார்த்திக், 11:34
ராத்திரி வண்டிக்கே மாற்றிக்கொள்கிறேன் சித்தப்பா, விடிகாலையில் இறங்கிவிடுவேன். அம்மா, அந்தப் பதிவு எண் இருக்கிற பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துப் போடுங்கள். நானே பார்க்கிறேன்.

மல்லிகா பெரியம்மா, 11:48
(படம்)

நிவேதா, 11:50
பெரியம்மா, கடைசி மூன்று எண்ணில் உங்கள் கட்டைவிரல். மறுபடி எடுங்கள்.